மண்டூர்த் திரைக்கு முன்னால்

மட்டக்களப்பு மண்டூர் கோயிலில் முருகனைப் பார்க்க முடியாது. தெரியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர்காமத்தைப் போலவே அங்கேயும் மூலஸ்தானத்துக்கு முன்னால் திரை தொங்கும், கப்புகனார் என்கிற பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் மௌனமாகப் பூசை செய்வார், நாம் வெளியே நின்று திரையைத்தான் கும்பிட வேண்டும். அதனால்தான் சின்னக் கதிர்காமம் என்கிறார்கள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து 19 வருஷமாக ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்கு இவரோடு போய் வருகிறேன், அந்தத் திரையைப் பற்றி ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

இந்த வருஷம் சித்திரை கடைசியில் இவருக்கு வயிற்றுக்குத்து. வாயுவாக இருக்கும் என்று இஞ்சி அவித்துக் கொடுத்தேன். விடியப்புறம் சத்தியெடுத்து முதுகு வரைக்கும் வலி என்று சுருண்டு படுத்தபோதுதான் ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். பித்தப்பையிலிருந்த கல் இறங்கிக் குழாயின் வாயை அடைத்ததில் கணையம் வீங்கிப் புண்ணாகியிருந்தது. நாலாம் நாள் ஐசியூ. அன்று தொடங்கி 61 நாள் ஆஸ்பத்திரி வாழ்க்கை.

யாராவது இதே நிலையில் இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்: அந்த நோயில் பெரும்பாலும் காத்திருப்புத்தான் வைத்தியம். கணையத்தில் செத்துப்போன பகுதியைச் சுற்றி நீர் சேர்ந்துவிட்டது என்றார்கள், அப்படியென்றால் உடனே எடுத்துவிட வேண்டியதுதானே என்று நான் கேட்டேன், டொக்டர் பொறுமையாக ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். அந்த நீரைச் சுற்றி ஒரு சுவர் கட்ட 4 கிழமையளவு வேண்டும், அதற்கு முதல் கை வைத்தால் ஆபத்து கூட, இடையில் நிலைமை மோசமானால்தான் அவசரமாகக் குழாய் போடுவோம் என்றார். 4 கிழமை! சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா? அதிலும் பார்க்கக்கூட விடவில்லையே. பார்வையாளர் நேரத்தில் ஒரு ஆள், ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தால் அந்தத் திரைக்குக் கீழே மிஸ்ஸிமாரின், அதாவது தாதிமாரின், வெள்ளைச் சப்பாத்து நடமாடுவது மட்டும் தெரியும். அந்தச் சப்பாத்துகள் வேகமாக நடந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும், மெதுவாக நடந்தால் மூச்சு வரும்.

ஒரு கொப்பி வைத்திருந்தேன். காய்ச்சல் எத்தனை, சீனி எத்தனை, மூக்குக் குழாயால் பால் எவ்வளவு போனது, டொக்டர் என்ன சொன்னார், எல்லாம் எழுதுவேன். உண்மையாகச் சொன்னால் அந்தக் கொப்பிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆளுக்கொரு கதை சொல்வார்கள், இரவில் எல்லாம் குழம்பும், எழுதி வைத்திருந்தால் காலையில் ஒழுங்காகக் கேள்வி கேட்கலாம்.

24ஆம் நாள் மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா, "இண்டைக்கு நான் கதவடியில இருக்கன். நீ ஒருக்கா மண்டூருக்குப் போய் வா மனே." எனக்கு விட்டுவிட்டுப் போக மனமில்லை. பக்கத்து வாங்கில் ஓட்டமாவடி ராத்தா ஒருவ இருந்தா, அவவின் மனிசனும் உள்ளேதான். "போய்க் கேளுங்க தங்கச்சி, எங்கட ஆளுக்கும் சேத்துக் கேளுங்க. நான் இங்க ரெண்டு பேருக்கும் துஆ கேக்கன்" என்றா. அதற்குப் பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

களுவாஞ்சிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குருமண்வெளித் துறைக்குப் போனேன். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குக் கடக்கப் பாதைதான், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவையை அப்படித்தான் சொல்வோம். மோட்டார் சைக்கிள், தயிர்ச் சட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில். இவரோடு போகும்போது ஓரமாகத்தான் நிற்பார், கரையிலுள்ள தில்லை மரங்களைக் காட்டி, "அந்தப் பால் கண்ணில பட்டா பார்வை போயிரும், தெரியுமா?" என்று வருஷா வருஷம் அதையே சொல்வார். நானும் புதிதாய்க் கேட்பதுபோலக் கேட்பேன். தில்லை மண்டூர் என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான், வேடர்கள் தில்லையடியில் வேல் வைத்துக் கும்பிட்ட இடம் என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அழுதேன், பக்கத்தில் நின்ற பிள்ளையொன்று தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது.

திருவிழாக் காலமில்லாததால் கோயிலில் கூட்டமில்லை. ஈரத் தரை, கற்பூர வாசம், எங்கோ ஒரு மணிச் சத்தம். கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு தட்டத்தோடு திரையை விலக்கி உள்ளே போனார், திரை மறுபடி விழுந்தது. அந்த வெள்ளைத் துணிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்ததும் எனக்கு மாஸ்க் போட்ட மிஸ்ஸிமாரின் கண்கள் ஞாபகம் வந்தன. உடம்பெல்லாம் புல்லரித்தது. உள்ளே நடப்பது ஒன்றும் எனக்குத் தெரியாது, மந்திரம்கூடக் கேட்காது, ஆனால் உள்ளே பூசை நடக்கவில்லை என்று ஒருநாளாவது நினைத்தேனா? பக்கத்தில் ஒரு கிழவி கண்ணை மூடி நின்றா, திரையை விலக்கு என்று அவ யாரிடமும் சண்டை பிடிக்கவில்லை. நான் 24 நாளாக அந்தக் கதவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். "அப்பனே முருகா, இவர் உன் பக்கம் இருக்கிறார், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் ராத்தாவின் மனிசனுக்காகவும் ஒரு அருச்சனை செய்தேன்.

அன்றைக்கே காய்ச்சல் நின்றது என்று எழுத மாட்டேன். நிற்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தரம் நடுங்கிக் காய்ந்தது. 33ஆம் நாள்தான் குழாய் போட்டு நீரை எடுத்தார்கள், முதல் நாள் 420 மில்லிலீற்றர், பிறகு 300, 180 என்று என் கொப்பியில் மெல்ல மெல்லக் குறைந்தது. ராத்தாவின் மனிசன் எங்களுக்கு முன்னாலேயே வாட்டுக்கு மாறிவிட்டார்.

மண்டூரிலிருந்து வந்த அன்று பின்னேரம் எனக்குரிய ஐந்து நிமிஷம் கிடைத்தது. திருநீற்றை உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதனால் மாமியின் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கட்டிலடிக்குப் போனேன். உதடு வெடித்து, முகம் வற்றிக் கிடந்தார். கண் திறந்து என்னையே பார்த்தார். மண்டூர் போய் வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தக் கம்மிய குரலில், "தில்லை மரமெல்லாம் நிண்டதா?" என்று கேட்டார்.

"நிண்டது" என்றேன். "அந்தப் பால் கண்ணில பட்டா என்ன ஆகும்?"

சொல்லத் தொடங்கினார். மிஸ்ஸி வந்து நேரம் முடிந்தது என்றா.