முறுக்குக்குப் பந்தும் கல்லும் ஒன்றுதான்

போன ஜூன் மாதம் ஒரு தெருநாயைத் தத்தெடுத்தேன். நாலு வயதிருக்கலாம் என்றார் டாக்டர், பல்லைப் பார்த்துச் சொன்ன கணக்கு. செம்பட்டை நிறம், காது நுனியில் கருத்தடை முடிந்ததற்கான சின்ன வெட்டு, வண்டி மோதி முறிந்து ஒருமாதிரி ஒட்டிக்கொண்ட பின்னங்கால், அப்புறம் அந்த வால். நன்றாகச் சுருண்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அம்மா முறுக்கு என்று பெயர் வைத்தாள். (அம்மாவுக்கு முறுக்கு இன்னமும் 'அது', எனக்கு 'அவள்'. இந்தச் சண்டை தனி.)

அவள் வருவதற்கு முதல் நாளே 1,400 ரூபாய்க்குப் பொம்மை வாங்கி வைத்திருந்தேன். அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் கோழி, முடிச்சுப் போட்ட கயிறு, டென்னிஸ் பந்து மூன்று. கோழியை ஒருமுறை அமுக்கிக் காட்டினேன், பாத்ரூமுக்குள் ஓடி வாளிக்குப் பின்னால் ஒடுங்கியவள் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. மறுநாள் பந்து. எறிவதற்காகக் கை தோளுக்கு மேலே போனதுதான் தெரியும், கட்டிலுக்கடியில் இருந்தாள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, எங்கள் ஹாலில் கல்லே கிடையாது, புது மஞ்சள் பந்துதான், ஆனாலும் நாயைக் காணோம்.

"தெருவுல வளர்ந்ததுக்குப் பொம்மை எதுக்குடி? ரெண்டு வேளை சோறு, படுக்க ஒரு சாக்கு, அது போதும்" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்த முதல் மாதத்துக்கு அவள் சொன்னதுதான் சரி.

புது வீட்டுக்கு வந்த நாய்க்கு 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 3 நாளில் பதற்றம் கொஞ்சம் அடங்கும், 3 வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், 3 மாதத்தில் இதுதான் நம் இடம் என்று தெரியும். முறுக்கு இந்தக் கணக்கையெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை போல, மூன்றாவது வாரமும் கட்டிலுக்கடியிலேயே கிடந்தாள், சோற்றையும் பாதி மிச்சம் வைத்தாள். நான் அதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார், தட்டணுக்கள் குறைந்திருந்தன, உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள், வெறும் வயிற்றில் கூடாது, தயிர்சாதத்தில் கலந்தும் கூடாது, பால் சமாச்சாரம் மருந்தை உடம்பில் ஏறவிடாது என்றார். இட்லிக்குள் ஒளித்து வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் வைப்பாள், சுத்தமாக, நக்கித் துடைத்து. வேகவைத்த கோழி ஈரலுக்குள் வைத்த பிறகுதான் உள்ளே போனது. அப்போதே காலையும் எக்ஸ்ரே எடுத்துப் பல்லையும் பார்த்துவிட்டோம். உடம்பில் வலியோ காய்ச்சலோ இருக்கிற நாய் விளையாடாது, இதைப் பார்க்காமல் பொம்மை வாங்கிக் குவித்தது என் அவசரம். தத்தெடுத்தவர்கள் யாராவது "என் நாய் விளையாடவே மாட்டேங்குது" என்றால் இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்தாயா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மாத்திரை முடிந்து, வாலில் கொஞ்சம் உயிர் வந்த பிறகு ஒரு நாள் என் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். சோற்றுத் தட்டில் மூக்கை வைத்திருந்தவள், சோற்றை விட்டுவிட்டு, ஓடிவிட்டாள். அங்கேதான் எனக்கு உறைத்தது. தெருவில் ஒரு மனுஷன் குனிந்தால் கல் எடுக்கிறான், கை ஓங்கினால் எறிகிறான், கையில் நீளமாக எதுவும் இருந்தால் அடிக்கப்போகிறான். நாம் பந்து விளையாட்டு என்று நினைப்பது என்ன? குனிந்து எடுத்து, கை ஓங்கி, எறிவது. நாலு வருஷம் எதைப் பார்த்து ஓடி உயிர் பிழைத்தாளோ, அதையே நான் சிரித்துக்கொண்டே செய்து காட்டியிருக்கிறேன்.

விளையாடவே தெரியாத நாய் என்பதையும் நான் நம்பவில்லை. ஆதம்பாக்கத்தில் எங்கள் தெரு முனையில் இளநீர்க் கடை இருக்கிறது, அங்கே இரண்டு மாதக் குட்டிகள் கூந்தைச் சீவலைக் கவ்விக்கொண்டு ஒன்றையொன்று துரத்துவதைத் தினம் பார்க்கிறேன். முறுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருப்பாள். வளர்ந்த பிறகு விளையாட நேரம் ஏது, இரவெல்லாம் காவல், பகலெல்லாம் விரட்டல்.

அதனால் வாங்கிய பொம்மை எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, சோற்றிலிருந்து ஆரம்பித்தேன். பழைய துண்டை விரித்து, ஈரல் துண்டுகளைத் தூவி, பாய்போலச் சுருட்டி வைத்துவிட்டு நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். முதல் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் துண்டு விரிந்து கிடந்தது, ஈரல் இல்லை. அப்புறம் கூரியரில் வந்த அட்டைப்பெட்டி, ஸ்டேப்ளர் பின்னையும் டேப்பையும் பிய்த்துவிட்டு உள்ளே காகிதத்தைக் கசக்கிப் போட்டு நடுவில் தீனி. பெட்டியைக் கிழிக்கும் சத்தம் வந்தபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வீடு முழுக்கக் குப்பை" என்றாள். திட்டாதே அம்மா, கிழிப்பதும் வேட்டையில் ஒரு பகுதிதான், தேடுவது, துரத்துவது, பிடிப்பது, கிழிப்பது, தின்பது, அதில் பயமில்லாத முனையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று விளக்கினேன். விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். (அதையும் முறுக்கு கண்ணில் படாமல்தான் எடுத்துப்போக வேண்டியிருந்தது.)

இதில் பெரிய வெற்றி பணியாரக்கல். குழிகளில் தீனியை வைத்து மேலே டென்னிஸ் பந்தை வைத்தால், பந்தை மூக்கால் தள்ளித்தான் எடுக்க முடியும். ஏழு குழிக் கல்லில் ஏழு பந்து நிற்காது, பந்து பெரிசு, ஒன்றுவிட்டு ஒன்று மூன்றுதான் உட்காரும். அலுமினியம் வேண்டாம், தரையில் இழுபட்டுச் சத்தம் போடும், கனமான இரும்புக்கல்லைச் சாக்கின் மேல் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பந்து உருண்டு ஓடியதை அவள் நின்று பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் பந்து தானாக ஓடுகிறது, யாரும் எறியவில்லை, அடி விழவில்லை என்பது அவள் தலைக்குள் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணி. அம்மாவின் ரப்பர் செருப்பு, இடது கால், ஹால் நடுவில். முறுக்கு அதைக் கவ்வித் தலையை உதறி மேலே வீசுகிறாள், கீழே விழுந்ததும் முன்கால் இரண்டையும் நீட்டி நெஞ்சைத் தரையில் அமுக்கிப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு அதை மிரட்டுகிறாள். நாய்கள் விளையாடக் கூப்பிடும் அந்த நிலையை என் வீட்டில் அன்றுதான் முதலில் பார்த்தேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டவில்லை. முறைத்துப் பார்த்தால்கூட நிறுத்திவிடுவாள் என்று இரண்டு பேரும் டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம், டிவி அணைந்துதான் இருந்தது. நாற்பது நொடி இருக்கும். அப்புறம் செருப்பைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

அந்தச் செருப்பு அவளுக்கென்றே ஆனது. ஆனால் ரப்பரைக் கடித்து விழுங்கினால் குடலில் அடைக்கும், அதனால் நான் பக்கத்தில் இருக்கும் ஐந்து நிமிஷம் மட்டும், பிறகு உள்ளே. கயிற்றுப் பொம்மைக்கும் இதே விதி, பிரிந்த நூல் குடலில் சிக்கினால் ஆபரேஷன்வரை போகும்.

அடுத்த கட்டம் துரத்தல். அம்மாவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி, ஈரல் வேகவைத்த தண்ணீரில் ஒரு முனையை நனைத்துக் காயவைத்தேன். இங்கே ஒரு தப்பு செய்தேன். தூண்டில் மாதிரி ஒரு கம்பின் நுனியில் கட்டி ஆட்டினால் நாய்கள் துரத்தும் என்பதால், ஒட்டடைக் கம்பில் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். விளக்குமாற்றையே ஒளித்து எடுத்துப்போனவள், கையில் கம்பு இருப்பதை மறந்துவிட்டேன். முறுக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அன்று முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை.

கம்பை வீட்டை விட்டே ஒழித்தேன். தரையில், அவளுக்கு முதுகைக் காட்டிச் சாய்வாக உட்கார்ந்து, இரண்டு மீட்டர் துணியைச் சும்மா என்னை நோக்கி இழுத்தேன், அவள் இருக்கும் பக்கத்திலிருந்து விலகிப் போகும்படி. முகத்தை நோக்கி வந்தால் அது தாக்குதல், விலகி ஓடினால் அது எலி. விட்டு விட்டு இழுக்க வேண்டும், ஓடி, நின்று, நடுங்கி. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ ஒரு கால் வந்து துணியின் மேல் விழுந்தது. பந்தும் அப்படித்தான், உட்கார்ந்தபடி, கை முழங்காலுக்குக் கீழேயே இருக்க, அவளிடமிருந்து விலகி உருளும்படி. மொட்டை மாடிக்குப் போனால் காலை ஆறரைக்குள் அல்லது இருட்டிய பிறகுதான், சென்னை வெயிலில் தளம் பாதத்தைச் சுட்டுவிடும்.

ஒருமுறை அவள் வாயிலிருந்து துணியைப் பிடுங்கினேன். உறுமினாள். ஒரு வாரம் துணி பக்கமே வரவில்லை. வாயிலிருப்பதைக் காப்பாற்றிக்கொண்டுதான் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறாள், அவளைக் கோபித்து என்ன பயன். அதற்குப் பிறகு பிடுங்குவதே இல்லை, பண்டமாற்றுதான். ஈரல் துண்டைக் கீழே வைத்து "விடு" என்பேன், அவள் விட்டுத் தின்றதும் துணியைத் திரும்ப அவளிடமே நீட்டுவேன். இழுத்து விளையாடும்போதும் முக்கால்வாசி அவள்தான் ஜெயிப்பாள். ஜெயிக்கவிட்டால் நாய் தலைமேல் ஏறிவிடும் என்று பயமுறுத்தினார்கள். ஏறவில்லை, ஜெயித்த துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு மறுபடி இழுக்கச் சொன்னாள்.

பொம்மை சீக்கிரம் அலுத்துப்போவதும் உண்மை. 2012இல் லாப்ரடார் நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது, ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஆர்வம் குறைகிறது, கொஞ்சம் வேறுபட்ட ஒன்றைக் கொடுத்ததும் திரும்ப வருகிறது என்று. முறுக்கும் இதற்கு விலக்கில்லை. எட்டுப் பொருள் இருந்தால் மூன்றுதான் வெளியே, மீதி தீனி டப்பாவுக்குள், வாசம் ஏற.

தீபாவளி எல்லாவற்றையும் கெடுத்தது. பத்து நாள் முன்னாலேயே வெடி ஆரம்பம், திரும்பவும் பாத்ரூம், வாளி. இரண்டு வாரம் நான் எதையும் எடுக்கவில்லை, துண்டுச் சுருட்டலிலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஆறு நாளில் துணிக்கு வந்துவிட்டாள்.

இப்போதும் எறிந்த பந்தைக் கொண்டுவந்து கொடுக்கத் தெரியாது, கட்டிலுக்கடியில் சேர்த்து வைப்பாள். கை ஓங்கினால் இன்னும் கண் சுருங்குகிறது. ரப்பர் கோழி பரணிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது, அதனால் நாற்காலியில் சீரியல் பார்த்துக்கொண்டே சேலைத் துணியின் முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்கிறாள். விளம்பரம் வந்தால் காலை ஆட்டுவாள். விளம்பர இசை கேட்டதும் முறுக்கு கட்டிலுக்கடியிலிருந்து வருகிறாள்.