ஐ-யா, மீ-யா, மைசெல்ஃபா?

நேத்து ஒரு மெயில் அடிச்சுட்டு இருந்தேன், "ப்ளீஸ் சென்ட் த ஃபைல் டு மை மேனேஜர் அண்ட் ஐ"ன்னு முடிச்சுட்டு சென்ட் அமுக்கப் போறப்ப தான் கை நின்னுச்சு. பாக்க டீசன்ட்டா தான் இருக்கு, ஆனா தப்பு. சின்ன வயசுல "மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்"னு எழுதி திட்டு வாங்கினதுல ஐ தான் மரியாதை, மீ ஏதோ கொச்சைன்னு மனசுல பதிஞ்சு போய் கண்ட இடத்துலயும் ஐ-ய சொருகிடுறோம்.

இதுக்கு நான் பண்றது, கூட இருக்கற ஆள தூக்கிட்டு படிச்சுப் பாக்கறது. "சென்ட் த ஃபைல் டு ஐ". காது கூசுதுல்ல, அப்ப மீ தான். "நானுக்கு அனுப்பு"ன்னா எப்படி இருக்கும், அதே கதை தான். டு, ஃபார், வித், பிட்வீன் இதுக்கெல்லாம் பின்னாடி மீ, ஹிம், அஸ், தெம் தான் வரும்.

சிலர் எதுக்கு வம்புன்னு மைசெல்ஃப் போட்டு தப்பிக்கப் பாப்பாங்க, "கான்டாக்ட் மைசெல்ஃப்"னு. அதுவும் வேலைக்கு ஆகாது. "ஐ கட் மைசெல்ஃப்" மாதிரி முன்னாடி ஐ இருந்தா தான் அதுக்கு அங்க வேலை. (பேர் சொல்லி அறிமுகம் பண்றப்ப வர்ற "மைசெல்ஃப் குமார்" தனி ரகம், அதுக்கு ஐ ஆம் போதும்.)

இட்ஸ்ல எழுத்துக்கு மேல கமா (அபாஸ்ட்ரஃபி) போடணுமா வேணாமாங்கற விஷயம் சிம்பிள். ஹிஸ், ஹெர்ஸ், யுவர்ஸ் எதுக்கும் மேல கமா கிடையாது, "அதோட"ன்னு அர்த்தம் வர்ற இட்ஸுக்கும் கிடையாது. கமா இருந்தா அது இட் ஈஸ், இட் ஹேஸ் ரெண்டுல ஒண்ணு.

எனக்கு நிஜமாவே கடுப்பு ஏத்தறது ஹிஸ் தான். "ரவி டோல்ட் குமார் தட் ஹிஸ் ஃபோன் வாஸ் ரிங்கிங்". யாரு ஃபோன் அடிச்சுது? நம்ம "தன்னோட ஃபோன்"னு சொன்னா ரவியோடதுன்னு புரிஞ்சுடும், இங்கிலீஷ்ல அந்த வசதி இல்ல, பேச்சுல சமாளிச்சுடலாம், எழுத்துல பேர திரும்பப் போடறது தான் சுலபமான வழி. வி-யும் அப்படித்தான், நாமளா நாங்களான்னு கேட்டா அதுக்கே தெரியாது.

ஆனா தே நமக்கு ஈஸியா வரணும். ஆணா பொண்ணான்னு தெரியாத ஒருத்தருக்கு தே போடறது புதுசா வந்த ஃபேஷன்னு சிலர் சண்டைக்கு வர்றாங்க, 14-ம் நூற்றாண்டுலயே இருக்கு அது. ஒரே ஆள் தான், ஆனா தே ஈஸ் வராது, தே ஆர் தான். நம்ம "அவங்க வந்துட்டாங்க"ன்னு ஒருத்தரையே சொல்றோமே, அப்படி.