இல்லாத காற்றாலையைக் காட்டிக் கருத்துக் கேட்ட கதை

கடலுக்குள் காற்றாலைகள் வந்தால் ராமநாதபுரம் கரைக்காரர்கள் கண்ணுக்கு அது எப்படிப் படும்? இதுதான் என் முதுகலை ஆய்வு. மன்னார் வளைகுடாவில் காற்றாலை அமைக்கும் பேச்சு அடிபடுகிறதே தவிர, அங்கே ஆலை எதுவும் இன்னும் இல்லை. அதனால் கரையிலிருந்து எடுத்த படத்தில் கணினியில் ஆலையைச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

முறை பழையதுதான். 1976-இல் டேனியல், போஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், காடுகளின் ஸ்லைடுகளைப் போட்டுக்காட்டி அழகுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் கேட்கும் வழியை வெளியிட்டார்கள். நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன்.

படமெடுத்த இடங்கள்: குந்துக்கால், சேதுக்கரை, அரிச்சல்முனை, ஒப்பிட்டுப் பார்க்க வடக்கே பாக் விரிகுடாக் கரையில் அரியமான். மீனவர்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50 எம்எம் லென்ஸ், முக்காலி கண் மட்டத்தில். வைட் ஆங்கிள் வேண்டவே வேண்டாம், தூரத்தில் இருப்பதைப் பொடியாக்கிவிடும். அடிவானம் எல்லாப் படத்திலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்றில் படகும் இன்னொன்றில் வெறும் கடலும் இருந்தால், மதிப்பெண் படகுக்குத்தான் விழும். அரிச்சல்முனையில் சுற்றுலாக்காரர் யாரும் இல்லாத ஒரு ஃப்ரேம் கிடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

உண்மையான தலைவலி ஆலையின் அளவு. 150 மீட்டர் உயர ஆலை 10 கிலோமீட்டர் தள்ளி நின்றால், ஏ3 தாள் (இரண்டு ஏ4 சேர்ந்த அளவு) முழுக்க அச்சிட்ட படத்தில் அது ஒன்பது மில்லிமீட்டர்கூட வராது. அந்தத் தாளையும் கண்ணிலிருந்து 58 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால்தான் நேரில் பார்க்கிற அளவு கிடைக்கும். கிட்டத்தட்ட கை நீட்டிப் பிடிக்கிற தூரம். படத்தைப் பார்த்த ஒரு பேராசிரியர், “கண்ணுக்கே தெரியலையே, கொஞ்சம் பெருசு பண்ணுங்க” என்றார். கணக்குத் தாளைக் காட்டினேன். பெரிதாக்கியிருந்தால் அப்புறம் ஆய்வு எதற்கு? வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ற நிழல், தூரத்து மங்கல் எல்லாம் சேர்த்தபின் படம் தயார்.

சுற்றுலா வந்தவர்கள் சளைக்காமல் மதிப்பெண் போட்டார்கள். நீலப்பச்சைத் தண்ணீருக்கு ஒன்பது, பத்து. பாம்பனில் ஒரு நாட்டுப்படகுக்காரர் அரியமான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகுக்கு என்ன தம்பி மார்க்கு? இது வடகடல். வாடைக்காத்துல இப்படியா கெடக்கும்? இது கச்சான் நேரத்துல எடுத்தது.” வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று. எடுத்த பருவத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்! ஆலைப் படத்தைக் கொடுத்ததும் கேள்வி என் பக்கம் திரும்பியது: ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வலை விடலாமா? ராத்திரி லைட் எரியுமா? எவ்வளவு தூரத்துல படகை நிறுத்தச் சொல்வாங்க?

கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் ஆலையைக் கவனிக்கவே இல்லை. முன்னால் தெரிந்த பாறையைத்தான் பார்த்தார்கள், தண்ணி வத்தியிருக்கா இல்லையா என்று.

அதற்குப் பிறகு மீனவர்களிடம் மதிப்பெண் கேட்பதை விட்டுவிட்டேன். படங்களை மொத்தமாகக் கையில் கொடுத்து, “உங்களுக்குத் தோணின மாதிரி கூறு பிரிங்க” என்பேன். பெரும்பாலும் வடகடல், தென்கடல் என்றுதான் முதலில் பிரித்தார்கள். ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான் ஆய்வில் உருப்படியான பகுதி. நீங்களும் இந்த வேலைக்கு இறங்கினால், ஒரே இடத்தை வாடையிலும் கச்சானிலும் தனித்தனியாகப் படமெடுத்து வையுங்கள். இறக்கை சுற்றுவதைக் காட்ட ஒரு சின்ன வீடியோவும் வேண்டும். நின்ற படத்தில் ஆலை வெறும் கம்பமாகத்தான் தெரிகிறது.