உப்புக்காற்றில் ஒரு சோலார்

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் துரு செதில் செதிலாக உதிரும். அதனால்தான், சோலார் போடலாம் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டார்: "இந்த உப்புக்காத்துல அது நிக்குமாப்பா?"

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு உதவும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றே சிக்கல். கரண்ட் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருந்தது, அவர் இறந்து 11 வருஷம் ஆகியும். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, அத்தை, சித்தப்பாக்களிடம் கையெழுத்து வாங்கி அப்பா பெயருக்கு மாற்றினோம். ஒரு சித்தப்பா சிங்கப்பூரில் இருந்ததால் இரண்டு மாதம் அதிலேயே போயிற்று. சோலார் நினைப்பு இருந்தால் முதலில் ஈபி கார்டில் யார் பெயர் என்று பாருங்கள்.

அப்புறம் ஸ்டாண்ட். பேனலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கடற்கரையில் அதைத் தாங்கும் இரும்புதான் முக்கியம். கான்ட்ராக்டர் இறக்கிய ஆங்கிளை நகத்தால் கீறினேன். சில்வர் பெயின்ட் உரிந்து கறுப்பு இரும்பு தெரிந்தது. கொட்டேஷனில் ஜி.ஐ. (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் ஏற்றிய இரும்பு) என்று எழுதியிருந்ததைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத்தான் துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. வந்தது. நட்டு, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்கினோம். கச்சான் காற்றுக்குப் பயந்து உயரமாகத் தூக்காமல், தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வில் தாழ்வாகவே வைத்தோம். நம் அட்சரேகைக்கு அந்தச் சாய்வு போதும்.

மீட்டர் மாற்றியதும் மானியம் அப்பா கணக்குக்கு வந்துவிட்டது.

முதல் கரண்ட் கட்டில் அம்மா திகைத்துவிட்டார். வெயில் கொளுத்துகிறது, ஃபேன் ஓடவில்லை! பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் சோலார் அப்படித்தான். லைனில் கரண்ட் இல்லையென்றால், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு நம் வீட்டுக் கரண்டே ஷாக் அடிக்கும். இதை முன்பே வீட்டில் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரும். பத்து நாள் துடைக்காவிட்டால் குறைகிறது. கண்ணாடியில் விரலை இழுத்தால் பிசுபிசுப்பில் கோடு விழும். போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் திட்டு படிகிறது. அதனால் விடிவதற்குள், சூடேறும் முன், இரண்டு குடம் நல்ல தண்ணீரை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். துணி பிடித்துத் துடைப்பது இப்போது அம்மாதான், வேறு யாரையும் விடுவதில்லை.