நாசிக்ல ஒயின் டூர் போறவங்க முதல்ல காலண்டரைப் பாருங்க

நாசிக் ஒயினரி டிரிப்புன்னா எல்லாரும் முதல்ல ரூம் புக் பண்ணுவாங்க. என்னைக் கேட்டா முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க. நிறைய பேர் ஜூலை ஆகஸ்ட்ல போறாங்க, மழையில மலையெல்லாம் பச்சைப் பசேல்னு அருவியும் மேகமுமா சும்மா சொல்லக்கூடாது அழகாத்தான் இருக்கும், ஆனா கொடியில ஒரு பழம் இருக்காது. ஃபிரான்ஸ்ல குளிர் வந்தா கொடி தானா தூங்கிடும், செப்டம்பர் வாக்குல அறுவடை. நம்ம ஊர் சூட்டுல அது தூங்கவே தூங்காது. அதனால இங்க ஏப்ரல் பக்கம் ஒரு கவாத்து, மழை முடியற செப்டம்பர் அக்டோபர்ல இன்னொரு கவாத்துன்னு வெட்டி விட்டு ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் பழம் பறிக்கிறாங்க. நைட்டு நல்லா குளிரும், பகல்ல நல்ல வெயில், பழத்துக்கு அதுதான் வேணும்.

ஆனா ஜனவரின்னதும் 26-ஆம் தேதி லாங் வீக்எண்டைப் பிடிச்சிடாதீங்க. அன்னைக்கு டிரை டே, எங்கயும் சரக்கு ஊத்த மாட்டாங்க, 30-ஆம் தேதி காந்தி நினைவு நாளும் மகாராஷ்டிராவுல டிரை டே. அவ்வளவு தூரம் போயி திராட்சை ஜூஸ் குடிச்சிட்டு வரணும்.

நாங்க இருக்கிறது மும்பைல முலுண்ட், அதனால எங்களுக்கு இது கார்ல போற தூரம்தான். ஜனவரிக்கு மறுபடி போகலாம்னு பேச்சு எடுத்ததும் அத்தை வழக்கம்போல "திரியம்பகேஸ்வர் உண்டுல்ல?"ன்னு கேட்டாங்க. உண்டு, நாசிக் பக்கத்துல இருக்கிற அந்த சிவன் கோயில் இல்லாம எங்க வீட்ல நாசிக்னு ஒண்ணு கிடையாது. அதனால எங்க பிளானே வேற மாதிரி இருக்கும். திங்கக்கிழமை ஜோதிர்லிங்கத்துல கால் வைக்க முடியாது, சனி ஞாயிறு ஒயினரில கிளாஸ் வைக்க இடம் இருக்காது (பாதி மும்பை, மீதி பூனே), ஆகவே செவ்வாய் புதன். விடிகாலைல சாமி தரிசனம், நாசிக் திரும்பி காரமா ஒரு மிசல் பாவ், ரூம்ல ஒரு தூக்கம், வெயில் தாழ 4 மணிக்கு மேல ஒயினரி. 2027-ல கும்பமேளா வேற வருது, அந்த ஆகஸ்ட் செப்டம்பர்ல இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்காதீங்க.

இடம் பத்தி சொல்லணும்னா எல்லாம் ஒரே பக்கம் இல்ல, மூணு திசையில சிதறிக் கிடக்கு. கங்காபூர் டேம் பக்கம் சூலா, யார்க், சோமா. இகத்புரி பக்கம் வல்லோன், குரோவர் சாம்பா. திண்டோரி பக்கம் ஷாந்தோன். மூணையும் ஒரே நாள்ல முடிக்கிறேன்னு கிளம்பினா ரோட்லதான் இருப்பீங்க. சூலாவை எல்லாருக்கும் தெரியும், கலிஃபோர்னியால வேலையை விட்டுட்டு வந்த ராஜீவ் சாமந்த் ஆரம்பிச்சது, 2000-ல முதல் பாட்டில் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல திராட்சைன்னா பெரும்பாலும் சாப்பிடற தாம்சன் சீட்லெஸ்தான். பக்கத்துல இருக்கிற யார்க்கையும் 2021-ல அவங்களே வாங்கிட்டாங்க. ஆனாலும் எனக்கு யார்க்தான் பிடிக்கும், கூட்டம் கம்மி, மொட்டை மாடி மாதிரி ஒரு இடத்துல உக்காந்தா எதிர்ல டேம் தண்ணி. சூலாவுல டூர் பாத்துட்டு குடிக்கிறதுக்கு யார்க் வந்துடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

டூர்னா பெருசா ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போயி ஸ்டீல் டேங்க், ஓக் பீப்பாய் எல்லாம் காட்டுவாங்க. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிஞ்சு தோலைத் தூரப் போட்டுட்டு சாறை மட்டும் குளிர்ல வெச்சுப் புளிக்க விடறாங்க, ரெட்டுக்கு தோலோடயே புளிக்கணும், கலரும் அந்தத் துவர்ப்பும் தோல்ல இருந்துதான் வருது. இது போதும், மிச்சத்தை கைடு சொல்லுவார்.

நான் நேரம் செலவு பண்றது தோட்டத்துலதான். எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், பன்னீர் திராட்சை பந்தலுக்குக் கீழயே வளந்தவ, 2023-ல புவிசார் குறியீடு கூட வாங்கிச்சே அதேதான். அங்க கொத்து தலைக்கு மேல தொங்கும், அண்ணாந்து பாக்கணும். இங்க கம்பி கட்டி வரிசை வரிசையா வேலி மாதிரி விட்டிருக்காங்க, கொத்து இடுப்பு உயரத்துல இருக்கு. ரெட் ஒயினுக்குப் போடற ஷிராஸ் திராட்சையை அங்க இருந்தவர்கிட்ட கேட்டு ஒண்ணு வாயில போட்டேன், சுண்டைக்காய் சைஸ்தான், ஆனா பன்னீர் திராட்சையை விட இனிப்பு, தோல் மெல்ல மெல்ல முடியவே இல்ல, உள்ள சதையை விட விதைதான் ஜாஸ்தி. விதையைக் கடிச்சுப் பாக்கச் சொன்னார். பச்சையா இருந்தா இன்னும் பழுக்கல, பழுப்பா ஆகி மொறுமொறுன்னு உடைஞ்சா பறிக்கலாமாம். சர்க்கரை அளவு பாக்கறதுக்கு மெஷின் இருக்கு, ஆனாலும் கடைசில பல்லுலதான் பாக்கறாங்க. அத்தை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னுட்டு "ஏத்தா, இம்புட்டு நல்ல பழத்தையும் புளிக்க வெச்சா குடிக்கணும்?"னு கேட்டாங்க. அவர்கிட்ட அதை நான் ஹிந்தில சொல்லல.

டேஸ்டிங்ல நாலஞ்சு ஒயின் வரிசையா ஊத்துவாங்க, முதல்ல நுரை வர்றது, அப்புறம் வெள்ளையில சாவின்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க், அடுத்து ரோஸ் கலர் ஒயின், ரெட், கடைசில லேட்டா பறிச்ச பழத்துல பண்ற தித்திப்பான லேட் ஹார்வெஸ்ட். மாத்திக் குடிச்சா முன்னாடி குடிச்ச ரெட்டோட துவர்ப்பு நாக்குல உக்காந்துக்கும், அப்புறம் வெள்ளை ஒயின் வெறும் புளிச்ச தண்ணி. கிளாஸோட காம்பைப் பிடிங்க, கிண்ணத்தைப் பிடிச்சா கை சூட்டுல ஒயின் சூடாயிடும். துப்பறதுக்கு ஒரு பாத்திரம் வெச்சிருப்பாங்க, நம்மாளுங்க யாரும் அதைத் தொடறதே இல்ல, காசு குடுத்ததைத் துப்பறதான்னு. ஆனா ரெண்டாவது ஒயினரிக்கும் போகணும்னா துப்பித்தான் ஆகணும். அதுக்கு மேல மூணாவது வேஸ்ட், நாக்கு மரத்துப் போயிருக்கும், எதைக் குடிச்சாலும் "ம்ம் சூப்பர்"னு தலையாட்டிட்டு இருப்போம். நடுவுல தண்ணியும் வயித்துக்கு ஏதாவதும் போடுங்க.

வண்டியை யாரு ஓட்டறதுன்னு அங்க போயி பேசாதீங்க. ஒரு வாய்தானேன்னு ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் கூட இருந்தா சாவியை வாங்கி வெச்சுக்கோங்க, நாங்க நாள் வாடகைக்கு டிரைவரோட டாக்ஸி எடுத்துடுவோம். 21 வயசு ஆகலைன்னா ஊத்த மாட்டாங்க, ஐடி கையில இருக்கட்டும்.

பாட்டில் வாங்கறவங்க, தமிழ்நாட்டுல இருந்து வந்திருந்தா வெளி மாநிலச் சரக்கு கொண்டு போற ரூலைப் பாத்துட்டு வாங்குங்க. வெள்ளை ஒயினை பீரோவுல வெச்சு பழசாக்கறேன்னு பூட்டி வெக்காதீங்க, பெரும்பாலும் வருஷத்துக்குள்ள குடிக்கறதுக்குன்னு பண்றதுதான். ஷெனின் பிளாங்க் நல்லா சில்லுனு, வஞ்சிரம் வறுவலோட. ரிசர்வ் ஷிராஸ் ஒண்ணு ரெண்டு வருஷம் தாங்கும்னாங்க, எங்க வீட்ல அது அடுத்த ஞாயித்துக்கிழமை மட்டன் சுக்கா வரைக்கும்கூடத் தாங்கல.