ஈட்டி எறிபவர்களின் உள்முழங்கை வலி

முழங்கை உள்பக்கம் வலிக்கிறது என்று ஈட்டி எறியும் பிள்ளைகள் வந்தால், எங்கே வலி என்பதோடு எப்போது வலி என்றும் கேட்பேன், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். கை பின்னாலிருந்து முன்னால் பாயும்போது சுரீர் என்றால், மூட்டின் உள்பக்கம் பிளந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் லிகமென்ட் மீது சந்தேகம் வரும். ஈட்டி கையை விட்டுப் போகும் நேரம், கை நீளும்போது பின்பக்கமாகக் குத்தினால் எலும்பு இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் நரம்பு. மணிக்கட்டை மடக்கச் சொல்லி நான் எதிர்த்துப் பிடிக்கும்போது வலித்தால் பெரும்பாலும் தசைதான்.

லிகமென்டுக்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. தோளுயரத்துக்குக் கையைத் தூக்கி, முழங்கையை முழுக்க மடக்கி, முன்னங்கையை வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே சட்டென்று நீட்ட வேண்டும். 120 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள் "அதே வலி சார்" என்று முகம் சுளித்தால் எம்ஆர்ஐக்கு அனுப்பிவிடுவேன். வளரும் பிள்ளை என்றால் முதலில் எக்ஸ்ரே, அந்த வயதில் லிகமென்டை விட எலும்பு வளரும் இடம்தான் பலவீனம்.

இதையெல்லாம் பார்க்காமல் போட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது. வலி மறைந்துவிடும், நைந்த லிகமென்ட் அப்படியே இருக்கும், பையன் முழு வேகத்தில் எறிவான்.

நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் மும்பையில் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்ததை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவருக்குப் பிரச்சினை மூட்டுக்குள் இருந்த எலும்புத் துணுக்குகள். 1974-இல் பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கோ லிகமென்டே அறுந்திருந்தது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்துக் கட்டினார், 1976-இல் திரும்பி வந்தவர் 1989 வரை ஆடினார். ஒரே மூட்டு, இரண்டு வேறு வைத்தியம்.

லேசான கிழிசலுக்குக் கத்தி வேண்டாம். சில வாரம் எறிவதை அடியோடு நிறுத்தி, முன்னங்கைத் தசைகளுக்கும் தோள்பட்டைக்கும் பலம் ஏற்ற வேண்டும், இடுப்பு இறுகிப் போயிருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கால் தர வேண்டிய வேகத்தை முழங்கை தர வேண்டியிருக்கும். அப்புறம் நின்ற இடத்திலிருந்து லேசான பந்து, பிறகு சில அடி நடந்து ஈட்டி, அடுத்த நாள் வலி இல்லையென்றால் மட்டுமே தூரத்தைக் கூட்டலாம், முழு ரன்-அப் கடைசியில்தான்.