கம்பைலருக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன்

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ‘சொந்தமாக ஒரு பிராசசர்’ என்று தலைப்பு கொடுத்துவிட்டு முதல் மாதத்தை வீணடித்தேன். முழு பிராசசரையும் எழுத வேண்டியதில்லை. பிகோஆர்வி32 மாதிரி இலவசமாகக் கிடைக்கும் ஒரு ரிஸ்க்-ஃபைவ் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இன்ஸ்ட்ரக்ஷன் தொகுப்பு) பிராசசரை எடுத்து, நம் வேலைக்கான ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை, அதாவது பிராசசர் நேரடியாகச் செய்யும் ஒரு கட்டளையை, சேர்த்தாலே கையில் போதுமான வேலை இருக்கும்.

நான் எடுத்தது சிஆர்சி-32, அதாவது தரவு வழியில் கெட்டுப்போனதா என்று கண்டுபிடிக்க உதவும் 32 பிட் சரிபார்ப்பு எண். சி மொழியில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ஷிஃப்ட், ஒரு சோதனை, தேவைப்பட்டால் ஒரு எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் 1 தரும் செயல்). ஹார்டுவேரில் இது சில லாஜிக் கேட்டுகள்தான்.

டென்சிலிகா, கோடாசிப் போன்ற பிராசசர் வடிவமைப்புக் கருவிகளில் இன்ஸ்ட்ரக்ஷனை விவரித்தால் அதற்கேற்ற கம்பைலரும் (சி நிரலை இன்ஸ்ட்ரக்ஷன்களாக மாற்றும் மென்பொருள்) சிமுலேட்டரும் தாமாகவே கிடைத்துவிடும். அந்த லைசென்ஸுக்கு எங்கே போவது? ஆனால் கம்பைலரைத் தொடாமலும் சமாளிக்கலாம். ரிஸ்க்-ஃபைவில் 0001011 என்ற ஆப்கோடு (இன்ஸ்ட்ரக்ஷனின் வகையைச் சொல்லும் பிட்டுகள்) சொந்த உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெயர் தெரியாத இன்ஸ்ட்ரக்ஷனையும் எழுத விடும் ஜிஎன்யு அசெம்பிளரின் ‘.இன்ஸ்ன்’ கட்டளையை இன்லைன் அசெம்பிளியில் (சி நிரலுக்குள்ளேயே எழுதும் அசெம்பிளி) வைத்து, மேலே ஒரு மேக்ரோ போட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு பைட்டுக்கு எழுதினேன்: கிளாக்குக்கு ஒரு பிட், 8 கிளாக்கில் விடை. ‘123456789’ என்று கொடுத்தால் 3421780262 வர வேண்டும், வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரேயடியாக 32 பிட்டுக்கு மாற்றினேன். வெரிலேட்டர் சிமுலேட்டரில் பிராசசர் ட்ராப் அடித்து (பிழை என்று சொல்லி) நின்றது. ஒரு வாரம் ஆப்கோடைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் பிகோஆர்வி32-இன் ரீட்மீயில் ஒரே வரியில் இருந்தது: பிசிபிஐ (வெளி யூனிட்டை பிராசசரோடு சேர்க்கும் இணைப்பு) வழியாக இணைக்கும் யூனிட் 16 கிளாக்குக்குள் விடையைத் தரவோ ‘வெயிட்’ சிக்னலை உயர்த்தவோ செய்யாவிட்டால், அது தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன் என்று பிராசசர் முடிவுகட்டிவிடும். 8 கிளாக்கில் தப்பித்தவன் 32-இல் மாட்டிக்கொண்டேன். (பிசிபிஐ வசதியே முதலில் அணைத்துத்தான் இருக்கும். அதை ஆன் செய்யாமல் தேடிய கதை தனி.)

வைவாவில் ஒரே கேள்வியில் மடக்கினார்கள்: “முன்பே கணக்கிட்டு வைத்த 256 எண்கள் கொண்ட அட்டவணை, வெறும் 1 கிலோபைட். அதை வைத்து சாஃப்ட்வேரிலேயே வேகமாகச் செய்யலாமே?” நான் சி மொழியின் பிட் பிட்டாகச் செய்யும் லூப்போடு மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். நீங்கள் பிட் லூப், அட்டவணை, இன்ஸ்ட்ரக்ஷன் மூன்றையும் ‘ஆர்டி-சைக்கிள்’ (கிளாக் எண்ணிக்கையைப் படிக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) வைத்து அளந்துவிடுங்கள். யூனிட் இருந்தால் எத்தனை செல் (சுற்றின் அடிப்படைத் துண்டு), இல்லாவிட்டால் எத்தனை என்று, வடிவமைப்பைச் சுற்றாக மாற்றும் யோசிஸ் மென்பொருளில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான் அளக்கத் தோன்றியது. என் இன்ஸ்ட்ரக்ஷன் அட்டவணையையும் முந்தத்தான் செய்தது. ஆனால் ரிப்போர்ட்டில் நான் பெருமையாகப் போட்டிருந்த அளவுக்கு இல்லை.